மணிக்கூலிக்கு ஒரு வரலாற்று ஆசிரியை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 70. சிங்கப்பூரின் செம்பவாங் கப்பல்பட்டறையில் 1973இல் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்து, வெல்டராகி, ஃபோர்மனாகி ஓய்வுபெற்றவன். நாளிதழ் வாசிக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்தே விடாமல் இருக்கிறது. பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவது மட்டும் இதுவே முதல் முறை. எழுத வைத்தது ஒரு வேலை விளம்பரம்.

சென்ற வாரம் என் மகள் கைப்பேசியில் அதைக் காட்டினாள். இங்குள்ள ஒரு பல்கலைக்கழகம் நவீன பிரிட்டிஷ் வரலாறு கற்பிக்கப் பகுதிநேர விரிவுரையாளர் ஒருவரைத் தேடுகிறது. முனைவர் பட்டம் கட்டாயம். கற்பித்த அனுபவம் வேண்டும். ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டிருந்தால் நல்லது. ஒப்பந்தம் ஒரு பருவத்திற்கு மட்டும். சம்பளம் வகுப்பில் நிற்கும் மணிநேரத்திற்கு மட்டும். அடுத்த பருவம் வேலை உண்டா என்பது சேரும் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. இதுவரை 13 வாரம் நடந்த பாடம் இனி 6 வாரம். பாடத்தின் எல்லை 1815 முதல் 1945 வரை.

அந்த வேலையை எட்டு ஆண்டுகளாகப் பார்த்து வருபவரிடம்தான் நான் படித்தேன். அவரும் இப்போது புதியவர்களோடு வரிசையில் நின்று, தம் வேலைக்கே தாம் விண்ணப்பிக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயரையும் அவருடைய பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. அவரைக் கேட்டுக்கொண்டும் எழுதவில்லை. என் மனம் கேட்காமல் எழுதுகிறேன்.

நான் ஏன் 66 வயதில் மாலை வகுப்புக்குப் போனேன் என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

என் அப்பா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து, செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் பண்டகசாலைத் தொழிலாளியாக இருந்தார். கயிறு, பாய்த்துணி, பெயின்ட் டின், சங்கிலி என்று கப்பலுக்கு வேண்டியதையெல்லாம் எண்ணி அடுக்கி, எண்ணி எடுத்துக் கொடுக்கும் வேலை. நாங்கள் தளத்துக் குடியிருப்பிலேயே வளர்ந்தோம். கேன்பரா சாலை, டெல்லி சாலை, ஒட்டாவா சாலை, அட்மிரல்டி சாலை என்று அந்த வட்டாரத்துச் சாலைப் பெயர்கள் இன்றும் இருக்கின்றன. கேன்பராவுக்கு இப்போது எம்ஆர்டி நிலையமே வந்துவிட்டது. ரயிலில் அந்த அறிவிப்பைக் கேட்கும் இளைஞர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் அங்கே எப்படி வந்தது என்று தெரியும்?

1971ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு நாள் மாலை, அப்பா ஒரு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். எனக்கு அப்போது 16 வயது. வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தட்டச்சு செய்த தாள். கீழே ஊதா மையில் ரப்பர் முத்திரை. அப்பாவின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. நடுவில் ‘ரிடன்டன்ட்’ என்று ஒரு சொல் இருந்தது. எனக்குப் பொருள் தெரியவில்லை. பள்ளி அகராதியை எடுத்துப் பார்த்து, “தேவைக்கு மேல் மிஞ்சியது என்று போட்டிருக்கிறது அப்பா” என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பத்து நாள் முன்னால் பண்டகசாலையில் ஒரு சிறு தகராறு நடந்திருந்தது. கணக்கெடுப்பில் மணிலா கயிறு இரண்டு சுருள் குறைந்தது. மேற்பார்வையாளர் அப்பாவைக் கடிந்து பேச, அப்பாவும் பதில் பேசிவிட்டார். மறுநாள் அந்த இரண்டு சுருளும் பக்கத்து அடுக்கிலேயே கிடைத்தன. ஆனால் பதில் பேசியதற்காகத்தான் தம்மை நிறுத்திவிட்டார்கள் என்று அப்பா நம்பினார். குடியிருப்பைக் காலிசெய்துகொண்டு சோங் பாங் கிராமத்தில் ஓர் அத்தாப்பு (ஓலைக்கூரை) வீட்டுக்கு வந்தோம். பிறகு ஒரு தொழிற்சாலையில் ஜாகா (காவலாளி) வேலை பார்த்தார். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பிள்ளைகளை நன்றாகப் படிக்க வைத்திருப்பேன் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். 1993இல் அவர் காலமாகும்வரை அந்த எண்ணம் மாறவில்லை. எனக்கும் மாறவில்லை. தளம் மூடப்படுவதை ஊரே அறிந்திருந்தது. ஆனாலும் ‘அத்தனை பேரில் முதலில் ஏன் நம்மை?’ என்பதற்கு எங்கள் வீட்டில் இருந்த ஒரே விடை அந்த இரண்டு சுருள் கயிறு.

ஐம்பது ஆண்டுகள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, வகுப்பில் ஆசிரியை ஆளுக்கு மூன்று தாள்கள் கொடுத்தார். 1968 ஜனவரி 16ஆம் தேதி பிரதமர் ஹெரால்டு வில்சன் லண்டன் நாடாளுமன்றத்தில் வாசித்த அறிக்கை. அரசாங்கச் செலவைக் குறைப்பது பற்றியது. வரிக்கு வரி வாசிக்கச் சொன்னார். பிரிட்டனின் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பால் நிறுத்தப்படுகிறது. மருந்துச்சீட்டுக்கு மறுபடியும் இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ் கட்டணம். பள்ளியை விட்டு நிற்கும் வயதை 16ஆக உயர்த்தும் திட்டம் 1971இலிருந்து 1973க்குத் தள்ளிப் போகிறது. அமெரிக்காவிலிருந்து வாங்கவிருந்த ஐம்பது எஃப்-111 போர் விமானங்கள் ரத்து. அதே அறிக்கையில், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பாரசீக வளைகுடாவிலும் உள்ள படைகள் 1971 இறுதிக்குள் திரும்பப் பெறப்படும்.

அந்த இடத்தில் என் விரல் நின்றுவிட்டது. 1971.

அப்போதுதான் எனக்கு முழுதும் விளங்கியது. 1967 நவம்பர் 18ஆம் தேதி பவுண்டின் மதிப்பை 2.80 டாலரிலிருந்து 2.40 டாலராகக் குறைத்திருக்கிறார்கள். புதிதாக வந்த நிதி அமைச்சர் ராய் ஜென்கின்ஸ், செலவை வெட்டியே ஆக வேண்டும் என்று நின்றிருக்கிறார். 1967 ஜூலையில் வெளியான திட்டத்தின்படி, 1970களின் நடுப்பகுதிவரை படைகள் இங்கே இருந்திருக்கும். அமைச்சரவை அதை 1971 மார்ச்சுக்கு இழுத்தது. அன்றைய நம் பிரதமர் திரு லீ குவான் இயூ லண்டனுக்குப் பறந்து போய் வாதாடினார். தேதி 1971 டிசம்பருக்குத் தள்ளியது. ஒன்பது மாதம் கிடைத்தது. அந்தத் தேதிக்குள் ஆட்களைக் குறைக்க, எங்கேயோ ஒரு தட்டச்சுக்காரர் என் அப்பாவின் பெயரைப் பிழையாக அடித்திருக்கிறார். கயிற்றுச் சுருளுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்த அமைச்சரவைக் குறிப்புகள் 30 ஆண்டுகள் பூட்டியே கிடந்தன. 1999இல்தான் திறந்தார்கள். அப்பா அதற்கு ஆறு ஆண்டுகள் முன்னாலேயே போய்விட்டார்.

வகுப்பு முடிந்ததும் அப்பாவின் தாளைப் பற்றி ஆசிரியையிடம் சொன்னேன். அடுத்த வாரம் அதைக் கொண்டுவரச் சொன்னார். பிஸ்கட் டின்னுக்குள் பிறப்புச் சான்றிதழ்களோடு கிடந்ததை பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போனேன். அவர் அதைத் தொடுவதற்கு முன் கையைத் துடைத்துக்கொண்டார். ஒளி பட்டால் மை இன்னும் மங்கும் என்று, உறையிலிருந்து எடுக்காமலே புரட்டிப் பார்த்தார். பின்பக்க ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியிருந்த ஓர் எண்ணைக் காட்டி, “ஐயா, இதே மாதிரித் தாள் வேறு வீடுகளிலும் இருந்தால், இந்த எண்களை வைத்து யாரை எந்த வரிசையில் நிறுத்தினார்கள் என்று கண்டுபிடிக்க முடியலாம்” என்றார். ஐம்பது ஆண்டுகளாக அந்தத் தாள் என் வீட்டில் இருந்திருக்கிறது. அந்தப் பென்சில் எண்ணை நான் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

கட்டுரை எழுதச் சொன்னார். ஆத்திரத்தில், ‘பிரிட்டன் எங்களைக் கைவிட்டது’ என்று தொடங்கி எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்த தாளின் ஓரத்தில் பென்சில் குறிப்புகள் மட்டும் பதினான்கு. ‘பிரிட்டன் என்றால் யார்? அமைச்சரவையில் எல்லாரும் ஒப்புக்கொண்டார்களா?’ என்று முதல் குறிப்பு. வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் பிரௌனும் தற்காப்பு அமைச்சர் டெனிஸ் ஹீலியும் இவ்வளவு விரைவாகப் படையை மீட்பதை எதிர்த்தவர்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. பள்ளி வயதைத் தள்ளிப் போட்டதற்காக லாங்ஃபோர்ட் பிரபு பதவி விலகியதும் தெரியாது. ‘பவுண்டு மட்டும்தான் காரணமா? இந்தோனேசியாவுடனான மோதல் 1966இல் முடிந்துவிட்டதே, அது இல்லையா? ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர அவர்கள் முயன்றது?’ என்று இன்னொரு குறிப்பு. கடைசிக் குறிப்பு இப்படி இருந்தது: ‘உங்கள் தந்தையாரின் தாளைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் பத்தி நன்றாக இருக்கிறது. அதிலிருந்து தொடங்குங்கள்.’

மறுபடி எழுதினேன். அவரும் மறுபடி வாசித்தார்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். ஃபோர்மனாக இருந்தவனுக்கு ஆள்–மணிக் கணக்குப் போடாமல் இருக்க முடியாது. ஒரு கட்டுரை திருத்த எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். ஐம்பது நிமிடம் என்றார். எங்கள் வகுப்பில் 32 பேர். ஆளுக்கு இரண்டு கட்டுரை. 64 கட்டுரைக்கு ஐம்பது நிமிடம் என்றால் 53 மணி நேரம். வகுப்பு வாரம் மூன்று மணி நேரம் வீதம் 13 வாரத்துக்கு 39 மணி நேரம். அவருக்குச் சம்பளம் அந்த 39 மணிக்குத்தான். ஆவணங்களைத் தேடி எடுத்து, பகுதி பகுதியாகப் பிரித்து, எங்களைப் போன்றவர்களுக்குப் புரியும்படி குறிப்பு எழுதிய நேரத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை.

பட்டறையில் ஒரு வெல்டரை இரண்டு மணி நேரம் கூடுதலாக நிறுத்தினால் ஒன்றரை மடங்கு ஓவர்டைம் கொடுக்கச் சட்டம் இருக்கிறது. அந்த வேலை நியமனச் சட்டம் வந்ததும் 1968இல்தான். தளம் மூடப்படப் போகிறது, முதலீட்டை வரவழைக்க வேண்டும் என்ற நெருக்கடி சூழ்ந்திருந்த ஆண்டில் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. எனக்கு ஓவர்டைம் சீட்டில் கையெழுத்துப் போட ஆள் இருந்தார். என் ஆசிரியைக்கு இல்லை.

நான்காவது வாரமோ ஐந்தாவது வாரமோ, அவர் காய்ச்சலோடு வந்தார். கண்கள் சிவந்திருந்தன. இடைவேளையில் என் ஃபிளாஸ்க்கிலிருந்து சுக்குமல்லிக் காப்பி ஊற்றிக் கொடுத்து, “ஓய்வெடுத்திருக்கலாமே டீச்சர்” என்றேன். “வராவிட்டால் அந்த மூன்று மணி நேரம் கிடையாது ஐயா” என்றார். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பஸ் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். அன்று இரவு பஸ் நிறுத்தத்தில் நின்றபோதுதான், அவர் மூன்று இடங்களில் இதேபோல் வகுப்பு எடுக்கிறார் என்றும், டிசம்பரிலும் ஜூனிலும் எந்த இடத்திலிருந்தும் சம்பளம் வராது என்றும் தெரிந்துகொண்டேன்.

அன்றைய பாடத்தை நான் மறக்க மாட்டேன். 1889ஆம் ஆண்டு லண்டன் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம். அதிகாலையில் துறைமுக வாயிலில் ஆயிரக்கணக்கில் கூடி நிற்பார்களாம். மேஸ்திரி வந்து விரல் நீட்டிப் பத்துப் பேர், இருபது பேர் என்று பொறுக்கி எடுப்பார். ஒரு மணி நேரம் வேலை கொடுத்து அனுப்பிவிடுவதும் உண்டு. மீதிப் பேர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். மணிக்கு ஐந்து பென்ஸ் கூலியை ஆறு பென்ஸ் ஆக்க வேண்டும், ஒருவரை எடுத்தால் குறைந்தது நான்கு மணி நேரமாவது வேலை கொடுக்க வேண்டும் என்று பென் டில்லெட், டாம் மான், ஜான் பர்ன்ஸ் போன்றவர்கள் முன்னின்று ஏறத்தாழ ஐந்து வாரம் போராடினார்கள். ஆஸ்திரேலியத் தொழிலாளர்கள் கடல் கடந்து பணம் அனுப்பினார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் கார்டினல் மேனிங் சமரசம் பேசினார். ஆறு பென்ஸ் கிடைத்தது. ஆனால் வாயிலில் நின்று விரலுக்குக் காத்திருக்கும் வழக்கம் அதன் பிறகும் போகவில்லை. 1947இல் தேசியத் துறைமுகத் தொழிலாளர் திட்டம் வந்த பிறகே பதிவு பெற்ற தொழிலாளிக்கு ஓரளவு நிலையான வேலை உறுதியானது. பலகையில் அவர் 1889 என்று எழுதி, ஒரு நீளக் கோடு இழுத்து, 1947 என்று எழுதினார். காய்ச்சலில் கை நடுங்கி, அந்தக் கோடு வளைந்து போனது.

என் அப்பா நாள்கூலி. தளத்தில் நாள்கூலிக்கும் மாதச் சம்பளக்காரருக்கும் இருந்த வேறுபாட்டை நான் சிறுவனாகப் பார்த்தவன். கூலியில் மட்டும் அந்த வேறுபாடு இல்லை. மாதச் சம்பளக்காரர் ஒரு கருத்துச் சொன்னால் தாளில் ஏறும். நாள்கூலி சொன்னால் அது வாய்த்துடுக்கு.

இதைத்தான் இந்தக் கடிதத்தில் வற்புறுத்திச் சொல்ல வந்தேன். பகுதிநேர வேலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குழந்தை வளர்ப்பவர்கள், முழுநேரம் வேலை பார்க்க விரும்பாதவர்கள் என்று பலருக்கு அது தேவை. ஆனால் எட்டு ஆண்டு கற்பித்தவரைப் பாடத்திட்டக் கூட்டத்துக்கு ஒரு முறைகூட அழைத்ததில்லை என்று கேள்விப்பட்டேன். பகுதிநேர ஊழியர்கள் அந்தக் கூட்டத்துக்கு உரியவர்கள் அல்லவாம். அந்தக் கூட்டத்தில்தான் 13 வாரம் 6 வாரமாகியிருக்கிறது. அதே கூட்டத்தில்தான் பாடம் 1945உடன் நிறுத்தப்பட்டிருக்கிறது. 1968ஐப் பாடத்திலிருந்து எடுக்காதீர்கள் என்று சொல்ல அந்த அறையில் யார் இருந்தார்கள்? தெரிந்த ஒரே ஆள் வெளியே பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார்.

சிங்கப்பூரில் நின்றுகொண்டு பிரிட்டிஷ் வரலாற்றை 1945உடன் முடிப்பது எந்த நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. அதற்குப் பிறகுதானே நம் கதை வருகிறது.

என் காப்பிக்கடை நண்பர் ஒருவர் கேட்டார்: “நம் வரலாறே நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. வெள்ளைக்காரன் வரலாறு எதற்கு?” பலர் மனத்திலும் இந்தக் கேள்வி இருக்கும். வகுப்பில் சேரும் முன் நானும் அப்படித்தான் நினைத்தேன். நம் வரலாற்றில் பாதி அவர்கள் கோப்பில் கிடக்கிறது என்பதே என் பதில். 1867 ஏப்ரல் 1ஆம் தேதிவரை நம்மை இந்தியாவிலிருந்து ஆண்டார்கள். அன்று முதல் லண்டன் காலனித்துவ அலுவலகம் நேராக எடுத்துக்கொண்டது. அதே 1867இல்தான் பிரிட்டனில் நகரத்துத் தொழிலாளர்களில் பலருக்கு முதன்முதலாக வாக்குரிமை கிடைத்தது. அங்கே ஒரு தேர்தல் நடந்தால் இங்கே ஒரு சுவர் எழும்பும், அல்லது பாதியில் நிற்கும். செம்பவாங் தளமே அப்படித்தான். 1923இல் இடம் தேர்ந்தெடுத்தார்கள். 1924இல் ராம்சே மெக்டோனல்டின் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்து வேலையை நிறுத்தியது. அதே ஆண்டு பழமைவாதக் கட்சி திரும்பி வந்து மறுபடி தொடங்கியது. 1938 பிப்ரவரி 14இல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரால் பெரிய உலர்துறை (தண்ணீரை வடித்துக் கப்பலைப் பழுதுபார்க்கும் துறை) திறக்கப்பட்டது. என் முதல் வெல்டிங் தையல் அந்த உலர்துறையில் ஏறி நின்ற ஒரு கப்பலில்தான் விழுந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே வேலை பார்த்தும், அது கட்டப்பட்டதற்குப் பின்னால் மூன்று பொதுத் தேர்தல்களும் இரண்டு கட்சிகளின் சண்டையும் இருந்தது எனக்குத் தெரியாது.

இன்னொன்று சொல்கிறேன். ஒரு வகுப்பில் பலகையில் மூன்று செய்திகளை எழுதினார். 1948 ஜூன்: மலாயாவில் அவசரநிலைப் பிரகடனம். 1948 ஜூன் 22: எம்பயர் விண்ட்ரஷ் கப்பல் கரீபியத் தீவுகளிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு டில்பரி துறையில் வந்து சேர்கிறது. 1948 ஜூலை 5: பிரிட்டனில் தேசியச் சுகாதாரச் சேவை தொடக்கம். மூன்றும் மூன்று வாரத்துக்குள். “இவை மூன்றும் தனித்தனிக் கதைகளா?” என்று கேட்டார். போரால் நொடித்துப் போயிருந்த பிரிட்டனுக்கு அப்போது டாலர் வேண்டும். மலாயா ரப்பரும் வெள்ளீயமும் அமெரிக்காவில் விற்று டாலர் ஈட்டின. பவுண்டைச் சார்ந்திருந்த நாடுகளான ஸ்டெர்லிங் வட்டாரத்திலேயே பெருமளவு டாலர் ஈட்டித் தந்தது மலாயாதான். அந்த ரப்பர் மரங்களைக் காலை இருட்டில் சீவியவர்களில் பலர் நம் ஆட்கள். என் அம்மாவின் தாய் தந்தையர் ஜொகூரில் பால் எடுத்தவர்கள். நான் உடனே கையைத் தூக்கி, “அப்படியானால் எங்கள் தாத்தா பாட்டி உழைப்பில்தான் அவர்கள் மருத்துவமனை கட்டினார்களா?” என்றேன். அவர் அவசரப்படவில்லை. “அப்படி நேராக எழுதிவிடாதீர்கள் ஐயா. அமெரிக்காவின் மார்ஷல் உதவியும் இருந்தது, அவர்கள் கட்டிய வரியும் இருந்தது. ஆனால் அந்த டாலர் இல்லாமல் அவர்கள் கணக்கு எப்படி இருந்திருக்கும் என்று கேளுங்கள். அது நல்ல கேள்வி” என்றார்.

நமக்குப் பெருமை தருவதாகவே இருந்தாலும், ஆதாரத்துக்கு மேல் ஒரு சொல் கூட்டிச் சொல்ல அவர் விடமாட்டார். குழுப்பகிர்வில் வரும் ஒவ்வொன்றையும் உண்மை என்று நம்பி அனுப்பிக்கொண்டிருந்த என்னை அவர் மாற்றிவிட்டார். என் பேரனுக்கு நான் சொல்லும் கதைகளில்கூட இப்போது ‘எப்படித் தெரியும் தாத்தா?’ என்று அவன் கேட்டால் பதில் இருக்கிறது.

தளம் போனபோது இந்த நாடு தாங்கியது. மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களைச் சார்ந்திருந்தது என்பார்கள். உலர்துறை வணிகக் கப்பல்பட்டறையானது. எனக்கு வேலை கிடைத்தது. ஆனால் எல்லாருக்கும் அப்படி அமையவில்லை. எங்கள் குடியிருப்பில் குடியுரிமை இல்லாத பலர் பணிக்கொடையை வாங்கிக்கொண்டு ஊருக்குக் கப்பலேறினார்கள். மூன்றாவது வீட்டு மலையாளக் குடும்பம் லண்டன் ஈஸ்ட் ஹாமுக்குப் போய்விட்டது. அந்த வீட்டுப் பையன் என்னோடு பந்து விளையாடியவன். இப்படிப் பிரிந்துபோன வீடுகளின் தாள்கள் இன்னும் அலமாரிகளில் கிடக்கும். ஈசூனிலும் செம்பவாங்கிலும் உட்லண்ட்ஸிலும் இதை வாசிக்கும் குடும்பங்களே, உங்கள் அப்பாவோ தாத்தாவோ தளத்தில் வேலை பார்த்தவர் என்றால், பழைய டின்களைத் திறந்து பாருங்கள். பணிநீக்கத் தாள், பணிக்கொடைச் சீட்டு, தள நுழைவு அட்டை எது இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். பின்பக்கத்தில் பென்சில் எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பல்கலைக்கழகத்திற்கும் செலவுக் கணக்கு உண்டு என்பது எனக்குத் தெரியும். என் காலத்தில் 32 பேர் இருந்த வகுப்பில் இந்த ஆண்டு 19 பேர் என்று கேள்வி. எண்ணிக்கை குறைந்தால் யோசிக்கத்தான் வேண்டும். அதற்காக ஒரு பருவத்துக்கு ஒரு பருவம் வாயிலில் நிறுத்தி விரல் நீட்ட வேண்டாம். ஒப்பந்தத்தைக் குறைந்தது இரண்டு ஆண்டுக்குக் கொடுங்கள். கட்டுரை திருத்தும் நேரத்தைச் சம்பளத்தில் சேருங்கள். நோயுற்றால் ஒரு நாள் படுத்துக்கொள்ள அனுமதியுங்கள். பாடத்திட்டக் கூட்டத்தில் அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள். பாடத்தை 1971 வரையாவது கொண்டு போங்கள். வகுப்பில் ஆள் குறைவு என்றால், நான் படித்த கட்டணத்தையே திரும்பக் கட்டி, அதே பாடத்தில் மறுபடி உட்காரத் தயாராக இருக்கிறேன். தளத்துப் பிள்ளைகளாக வளர்ந்த என் வயது நண்பர்கள் நான்கு பேரிடமும் பேசிவிட்டேன். இருவர் சேருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

விண்ணப்பத்திற்குக் கடைசி நாள் இம்மாதம் 30 என்று விளம்பரத்தில் இருந்தது. அதற்குள் இக்கடிதத்தை வெளியிட முடிந்தால் நன்றியுடையவனாக இருப்பேன். இடம் போதாவிட்டால் என்னைப் பற்றிய பகுதிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த 53 மணி நேரக் கணக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல்பட்டறை ஃபோர்மன்,
ஈசூன்